கடவுச்சொல், பின் எண், கைரேகை: ஒரு தரமதிப்பீடு

புதுக் கணினி வாங்கியவரிடம் விண்டோஸ் 11 கேட்கும் முதல் பெரிய கேள்வி, அவர் எந்தக் கணக்கில், எந்த முறையில் உள்ளே வரப்போகிறார் என்பதுதான். திருவண்ணாமலையில் பெரும்பாலும் இதற்கு விடை சொல்பவர் வாங்கியவர் அல்லர். விற்ற கடைக்காரரோ, சர்வீஸ் பார்க்கும் இளைஞரோ தமக்குத் தோன்றிய எண்ணை இட்டு, "இப்போதைக்கு 1212 போட்டிருக்கேன் சார், அப்புறம் நீங்க மாத்திக்கங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். அந்த அப்புறம் அநேகமாக வருவதில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆக, இந்த மாற்றத்தை இன்னும் பல வீடுகளும் கடைகளும் கடந்தாக வேண்டும். நுழைவு முறைகளைத் தரம் பிரித்துப் பார்க்க இது பொருத்தமான நேரம்.

இவற்றைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகக் கையில் எடுப்பது ஒரே அளவுகோலை: அந்நியனைத் தடுக்கும் வலிமை. அது இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது. உரியவரைத் தொல்லை இல்லாமல் உள்ளே விடும் நேர்த்தியையும் அளக்க வேண்டும். இவ்விரண்டையும் விட நான் மேலே வைப்பது மூன்றாவது ஒன்றை. முறையை மாற்றும்போதும், மறந்துபோகும்போதும், கணினி கைமாறும்போதும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு என்ன ஆகிறது? தினமும் நுழைகிற செயலில் ஒரு வடிவமைப்பின் பலவீனம் தெரியாது. மாற்றும் நாளில் அது மறைக்க இடமின்றி வெளிப்படும். இந்தக் கட்டுரையின் தீர்ப்புகள் இந்த வரிசைப்படியே அமைகின்றன. வரிசையை ஏற்காத வாசகர் வேறு முடிவுக்கு வரலாம். அதற்கு வேண்டிய தகவல்களையும் தந்திருக்கிறேன்.

மூத்ததான கடவுச்சொல்லிலிருந்து தொடங்குவோம். 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான பலர் பகிர்ந்துகொள்ளும் கணினி இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1979-இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் முதல் பெரிய சாதனை. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்து, திரும்பப் பெற முடியாத "ஹாஷ்" வடிவமாக்கிச் சேமிக்கும் நெறியை அது நிலைநிறுத்தியது. (விண்டோஸ் தன் உள்ளூர்க் கணக்குகளுக்கு வைத்திருக்கும் என்டி ஹாஷில் அந்தத் தற்செயல் எண் இன்றும் இல்லை. இவ்வளவு வசதி படைத்த நிறுவனத்துக்கு இது அழகல்ல.)

கடவுச்சொல்லின் தகுதி, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது. அந்தத் தகுதியையே குறையாக்கியவர்கள் விதி வகுத்தவர்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை கட்டாய மாற்றம் என்ற பழக்கம் பரவியதற்கு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆவணம் முக்கியக் காரணம். அதை எழுதிய பில் பர், 2017-இல் தாம் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் நிலையைத் திருத்தியது. 2019-இல் மைக்ரோசாஃப்டும் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து கட்டாய மாற்றத்தை நீக்கியது. 2025-இல் வந்த நிஸ்ட் திருத்தம், கடவுச்சொல் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும் என்கிறது. குறியீட்டுக் கலவையை வற்புறுத்தவே கூடாது என்றும் சொல்கிறது. காரணம் எளிது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள். நம் ஊரில் "அருணாசலா"வும் பிறந்த ஆண்டும் ஒரு குறியீடும் சேர்ந்த கடவுச்சொல் எந்த விதியையும் நிறைவேற்றிவிடும். அதை முதலில் ஊகிப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார்.

தமிழர்களுக்கென்று இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. தமிழ் எழுத்துகளிலேயே கடவுச்சொல் வைத்தால் என்ன? கோட்பாட்டளவில் நல்ல யோசனை. விண்டோஸ் உள்ளூர்க் கணக்கு அதை ஏற்கும். நடைமுறையில் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களால் தட்டச்சு செய்யப் பழகியவர், நுழைவுத் திரையில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. அவை உள்ளே நுழைந்த பிறகே இயங்குபவை. விண்டோஸ் தரும் தமிழ் விசைப்பலகையை நுழைவுத் திரைக்கும் அமைத்திருந்தால் மட்டுமே தப்பலாம். இரண்டாவது இன்னும் நுட்பமானது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் வேறுபாடே தெரியாது. ஹாஷ் கணக்கிடும் கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். எந்த விசைப்பலகை எந்த வடிவத்தை அனுப்புகிறது என்பதை அறியாமல் கடவுச்சொல் வைத்தவர், வேறு விசைப்பலகையில் அதே சொல்லைச் சரியாக அடித்தும் வெளியே நிற்கக்கூடும். இத்தகைய எழுத்துகளை முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே சேமிக்க வேண்டும் என்று நிஸ்ட் பரிந்துரைக்கிறது. விண்டோஸ் ஹாஷ் அப்படிச் செய்வதில்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அடிப்பதே இன்றைக்கு விவேகம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்கள் போதும். சாமி பெயர் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டாம்.

கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும், வட்டு குறியாக்கம் செய்யப்படாவிட்டால் அது வெறும் சம்பிரதாயம். தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு நம் வீடுகளுக்கே வந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து வழங்கிய தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் அருகருகே இருந்தன. அரசுப் பள்ளி மாணவர்கள் கையில் ஒரு கட்டற்ற இயங்குதளத்தைக் கொடுத்தது கொள்கை அளவில் துணிச்சலான முடிவு. அதன் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். உள்நுழைவு ஒழுங்கின் பார்வையில் மட்டும் அது முழுமையடையவில்லை. விண்டோஸ் பக்கம் மாணவி எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்தாலும், லினக்ஸ் பக்கம் நுழைந்தவர் விண்டோஸ் பகுதியைத் திறந்து அவள் கோப்புகளைப் படித்துவிடலாம்; லினக்ஸ் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரக் கதவைச் சாத்திவிட்டுப் பின்புறத்துப் பேய்க் கோபுரத்தைத் திறந்து வைத்ததற்கு ஒப்பு இது. இரண்டாவது இயங்குதளம் இல்லாத கணினிக்கும் இது பொருந்தும். பென் டிரைவில் ஒரு லினக்ஸைக் கொண்டுவருபவருக்கு, குறியாக்கம் இல்லாத எந்த வட்டும் திறந்த புத்தகம்தான்.

திறந்த வட்டின் குறையைப் பின் எண்ணும் தீர்க்காது. ஆனாலும் கடவுச்சொல்லின் மற்றக் குறைகளை நேராக எதிர்கொண்டது என்பதாலேயே அதற்கு நான் உயர்ந்த இடம் தருகிறேன். நான்கு இலக்க எண் எப்படி நீண்ட கடவுச்சொல்லை மிஞ்சும் என்ற ஐயம் நியாயமானது. விடை, அது எங்கே வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ என்னும் நுழைவு அமைப்பில் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. டிபிஎம் சிப்புக்குள் இருக்கும் சாவியை எழுப்புவதே அதன் வேலை. எண் இணையத்தில் எங்கும் போவதில்லை. உங்கள் எண்ணை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், கணினியும் கையில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஊகித்துப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு: விண்டோஸ் அமைப்பில் டிபிஎம் 2.0 சிப் 32 தவறுகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும், அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு முயற்சியை மட்டுமே அனுமதிக்கும். இதைத்தான் ஒருங்கிசைவான வடிவமைப்பு என்கிறேன். குறுகிய எண்ணின் பலவீனத்தை வன்பொருளின் பொறுமை ஈடுகட்டுகிறது.

குறைகளும் உண்டு. 1111, 1234, 1357 போல ஒரே இடைவெளியில் செல்லும் எண்களை விண்டோஸ் மறுக்கிறது. 1212-ஐயும் பிறந்த ஆண்டையும் மறுப்பதில்லை. எண்ணோடு எழுத்தையும் கலக்கலாம் என்ற வசதி இருப்பது பலருக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சிறு பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. ஏடிஎம் எண்ணையே இங்கும் வைக்கும் பழக்கத்தை மைக்ரோசாஃப்டால் தடுக்க முடியாது. அது நம் பொறுப்பு.

கைரேகையும் முகமும் நேர்த்தியில் முதலிடம் பெறும். விண்டோஸ் ஹலோ முகமறிதலுக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த தரம், அந்நியரைத் தவறாக ஏற்பது 0.001 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது. அதே தரம், போலியைக் கண்டறியும் ஏற்பாடு இயங்கும்போது உரியவரையே பத்து சதவீதம் வரை மறுப்பதை அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2025 ஏப்ரல் புதுப்பித்தலுக்குப் பின் இருட்டில் முகமறிதல் வேலை செய்வதில்லை. அகச்சிவப்புக் கேமராவை மட்டும் நம்பியதால் ஏற்பட்ட ஓர் ஓட்டையை அடைக்க, சாதாரணக் கேமராவும் முகத்தைக் கண்டாக வேண்டும் என்று மாற்றினார்கள். சரியான திருத்தம், மின்வெட்டு இரவில் மடிக்கணினியைத் திறப்பவருக்கு மட்டும் சங்கடம்.

கைரேகையின் குறை ஆழமானது. ஆரணியில் தறியில் உழைத்த கையும், சித்தாள் வேலையில் சிமெண்டைத் தொட்ட கையும், மல்லாட்டை பிடுங்கிய கையும் ரேகை தேய்ந்தவை. ரேஷன் கடைக் கருவியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கும் காட்சி இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. உழைக்காத கையை அளவாகக் கொண்டு செய்த கருவி, உழைத்த கையைச் சந்தேகிக்கிறது. அடுத்து, 2023 நவம்பரில் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் ஆய்வாளர்கள் டெல், லெனோவோ, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆகிய மூன்று கணினிகளின் கைரேகைக் காவலையும் தாண்டிக் காட்டினர். கோட்பாடு சரியாக இருந்தும், உணர்விக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சைச் சில தயாரிப்பாளர்கள் சரியாகக் காக்கவில்லை. சட்டத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கைரேகை தருவது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்தது. கடவுச்சொல்லைச் சொல்ல வற்புறுத்தலாமா என்பதில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் முதன்மை அளவுகோலில் கைரேகை தேறாது: விரலை மாற்ற முடியாது. கீழே ஒரு பின் எண் இருக்கும்வரை அது வசதியான துணை. அதுவே தனிக் காவலாக ஆகக் கூடாது. விண்டோஸும் பின் எண் வைக்காமல் கைரேகையைப் பதிய விடாது. இந்த ஓர் இடத்தில் அதன் பிடிவாதம் பாராட்டத்தக்கது.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த படக் கடவுச்சொல் அழகான யோசனை, பலவீனமான காவல். தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு விரலின் பாதை நன்றாகவே தெரியும். தானியங்கி நுழைவு விவாதத்துக்கே உரியதல்ல. யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி தரத்தில் மிக உயர்ந்தது. தனிநபர் கணினிக்கு அதன் விலையும், தொலைந்தால் இன்னொன்று வேண்டும் என்பதும் தடை.

இனி மாற்றம் என்ற மையப் பொருளுக்கு வருவோம். கடவுச்சொல்லை மாற்றுவதும் அழித்துப் புதிதாக வைப்பதும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி, பழைய சொல்லைக் கொடுத்துப் புதியதை வைத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பழையது மறந்துபோய், கடைக்காரர் நிர்வாகிக் கணக்கு வழியாக உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை அழித்துப் புதிதாக வைத்தால், கணினி திறக்கும். ஆனால் பழைய சொல்லால் பூட்டியிருந்த சாவிகள் திறக்காது. குரோமில் சேமித்த கடவுச்சொற்களும் விண்டோஸின் கோப்புக் குறியாக்கத்தால் காத்த கோப்புகளும் கைவிட்டுப் போகும். பழைய சொல் என்றாவது நினைவுக்கு வந்தால்தான் மீட்சி. வாடிக்கையாளர் நன்றி சொல்லிப் போவார். இழந்தது என்ன என்பது ஒரு வாரம் கழித்துத் தெரியவரும். இதை எச்சரிக்கும் வாசகத்தை விண்டோஸ் காட்டத்தான் செய்கிறது. யாரும் படிக்காத நடையில் காட்டுகிறது. லினக்ஸிலும் இதே நிலை: தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றினால் கீரிங் என்ற சாவிப்பெட்டி உடன் மாறும், ரூட் என்ற நிர்வாகி மாற்றினால் அது பழைய சொல்லையே கேட்டு நிற்கும். இரு தரப்பிலும் அடிப்படை நியாயம் சரியானது, ஏனெனில் நிர்வாகி நினைத்தால் எல்லாம் திறக்கும் என்றால் பூட்டுக்குப் பொருளில்லை. குறை, அந்த நியாயத்தைப் பயனருக்குச் சொல்லும் விதத்தில்தான்.

இந்த மாற்றத்தைச் செம்மையாகச் செய்து காட்டியது லினக்ஸின் லக்ஸ் வட்டுக் குறியாக்கம். வட்டைப் பூட்டும் முதன்மைச் சாவி ஒன்று. அதை மூடிவைக்கும் கடவுச்சொற்கள் பல. லக்ஸ் 2-இல் 32 இடங்கள் வரை உண்டு. ஒன்றை மாற்றினாலும் நீக்கினாலும் வட்டில் உள்ள தரவின் ஒரு பைட்டும் அசையாது. கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, அலமாரியில் பத்திரமாக வைக்கக் காகிதத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கட்டமைப்பின் தெளிவில் இதற்கு நிகர் வேறில்லை. குறை, அதை வழக்கமாக லினக்ஸை நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், நம் ஊரில் அதைப் பழகியவர் குறைவு என்பதும்.

விண்டோஸின் மறதி மருந்து ஒன்று வெளிப்படையான பின்னடைவு. 2018 முதல் உள்ளூர்க் கணக்குக்கு மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கிறது: முதலில் வளர்த்த செல்லப்பிராணியின் பெயர், சிறுவயதுச் செல்லப்பெயர், பிறந்த ஊர், படித்த முதல் பள்ளி, இப்படி. ஆம்ஸ்டர்டாமில் இவை ரகசியமாக இருக்கலாம். நீங்கள் டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்ததும், தெருவில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதும் திருவண்ணாமலையில் ரகசியங்களா? பதினைந்து எழுத்துக் கடவுச்சொல்லை வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே ஊரறிந்த விடைகளால் திறக்கும் கதவை வைத்தது முறைமைப் பிழை. கேள்விகள் தவிர்க்க முடியாதவை என்றால், விடைகளாகப் பொய்யையே எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல் பெரிது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு 2021-இல் வந்ததிலிருந்தே இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கட்டாயமாக்கியது. குறுக்கு வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி அந்தக் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே தொடங்குகிறது. 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. மேலே சொன்ன திறந்த வட்டுக் குறைக்கு இது உண்மையான தீர்வு. மறுக்கவே முடியாத சாதனை. ஆனால் கடைக்காரர் அவசரத்துக்குத் தம் மின்னஞ்சலையே இட்டுக் கணினியைத் தயாராக்கியிருந்தால், உங்கள் வீட்டுக் கோப்புகளின் கடைசிச் சாவி அவர் கணக்கில் இருக்கிறது. நாளை மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் புதுப்பித்தாலோ, நீலத் திரை அந்த 48 இலக்கங்களைக் கேட்கக்கூடும். அன்று அவர் கடையை மூடிப் போயிருந்தால் கோப்புகள் போனவைதான். பயனரிடம் உரிய விளக்கமின்றிக் குறியாக்கத்தைத் தொடங்குவது, காவலையும் ஆபத்தையும் ஒரே கையால் கொடுப்பது.

கடைசியாகப் பகிர்வு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நிரம்பும் விடுதிகளின் வரவேற்பு மேசைக் கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். ரமணாசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டவரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும். அதற்காக ஸ்கேன் செய்த பாஸ்போர்ட் பக்கங்கள் அந்தக் கணினியில் தங்குகின்றன. பகலில் ஒருவர், இரவில் ஒருவர், எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஒரே எண். வேலையை விட்டுப் போனவருக்கும் அந்த எண் தெரியும். வீடுகளிலும் அப்படியே: அப்பாவின் கணக்கில் மகன் விரலையும் பதிந்துவைப்பது பாசமாகத் தோன்றலாம், கணினிக்கு அப்போது அப்பாவும் மகனும் ஒருவரே. விண்டோஸும் லினக்ஸும் ஆளுக்கொரு கணக்கை இலவசமாகத் தருகின்றன. இதைப் பயன்படுத்தாத இடத்தில் எந்த முறையைத் தேர்ந்தாலும் மதிப்பெண் பூஜ்யம்.

ஆக, தீர்ப்பு. இன்றைய தனிநபர் கணினிக்கு, குறியாக்கம் செய்த வட்டின் மேல், ஆளுக்கொரு கணக்கில், டிபிஎம் துணையுள்ள ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் எண் முதலிடம் பெறுகிறது. அடியில் நீண்ட கடவுச்சொல் இருக்க வேண்டும். காரணமின்றி அதை மாற்ற வேண்டாம். கசிந்ததாக ஐயம் வந்தாலோ, அறிந்தவர் விலகிப் போனாலோ அன்றே மாற்றுங்கள். கைரேகை, ரேகை தேயாதவருக்கு நல்ல துணை. லக்ஸ், கற்கத் தயாராக இருப்பவருக்கு எல்லாவற்றையும் விஞ்சும். படக் கடவுச்சொல்லும் பாதுகாப்புக் கேள்விகளும் தேறவில்லை. இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று: உங்கள் கணினி யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் இருப்பதை உறுதிசெய்து, காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். பின் எண்ணை அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.